காரும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் கார் நிற்கிறது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் துணியுமாக இறங்கிவிட்டார். கூரையிலிருந்து சக்கரம் வரை ஓர் இடம் விடாமல் துடைத்தாயிற்று. முகம் பார்த்து மீசை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு! பேரன் பக்கத்தில் நின்று சோப்பு நுரையை ஊதி விளையாடுகிறான். அண்டை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்.

எல்லாம் சரி. ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தாரா? உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? கடைசியாக எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் பிரேக்கைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வருமா? அதுதான் இல்லை! குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசுகிறவர், அதற்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க மறந்துவிட்டார்.

லட்சக்கணக்கில் பணம் போட்டுக் கார் வாங்குகிறவர்கள், அதோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை. அது ஒரு நாற்பது பக்க நோட்டு. விலை சொற்பம். ஆனால் காருக்கு நோய் வரும்போதும், சர்வீஸ் நிலையத்தோடு தகராறு வரும்போதும், சொந்தக்காரருக்காகப் பேசக்கூடியது அது ஒன்றுதான்.

காத்திருந்து வாங்கிய காலம்

1950, 1960-களில் கார் வாங்குவது லேசான காரியமாக இருக்கவில்லை. அம்பாஸடர், பியட், சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வகைகளே இருந்தன. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கியவர் தம் வண்டியை உள்ளும் புறமும் அறிந்து வைத்திருந்தார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். காலையில் கிளம்ப மறுத்தால் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றுவார். வண்டி வழியில் நின்றால் பாதி வியாதிகளுக்கு அவரே வைத்தியர்.

அந்த அம்பாஸடரின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. இன்றைய காரில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. உள்ளே மின்னணுக் கருவிகள். என்ன கோளாறு என்பதைக் கம்ப்யூட்டரைச் செருகித்தான் மெக்கானிக்கே தெரிந்துகொள்கிறார். "இதில் நமக்கு என்ன தெரியப்போகிறது?" என்று சொந்தக்காரர் ஒதுங்கிவிட்டார். ஒதுங்கியதுதான் தவறு. வைத்தியம் செய்யத் தெரியாமல் இருக்கலாம். நோயின் குறியைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாமா?

பத்து நிமிஷம் போதும்

வாரத்துக்கு ஒரு முறை, இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

முதலில் எண்ணெய். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எண்ணெய்க் கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் எண்ணெய் நின்றால் சரி. குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் இன்ஜினுக்குக் கெடுதல் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்து, கூலன்ட் என்று சொல்லும் வண்ணத் தண்ணீர். அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கீழ்க்கோடு, மேல்கோடு என்று இரண்டு கோடுகள் உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். இன்னொரு விஷயம்: கூலன்ட் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோலைப் போலத் தினமும் செலவாகிற சரக்கு அன்று. வாரா வாரம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்திலோ, கார்ப் புத்தகத்திலோ எழுதியிருக்கும். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஆகையால் ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். டயர் தேய்கிற விதமும் ஒரு பாஷைதான். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர் தவறியிருக்கிறது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

நான்காவது பிரேக். அதற்குரிய திரவத்தின் மட்டம் மெல்ல இறங்கினால் பிரேக் கட்டைகள் தேய்ந்து வரலாம். திடீரென்று இறங்கினால் கசிவு. பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ, அடிவரை போனாலோ அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகக் கூடாது. மெக்கானிக்கைத்தான் வண்டியிடம் வரவழைக்க வேண்டும்.

செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்கள் பலர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். அந்தச் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பணம் தர மறுப்பது கம்பெனிகளின் வழக்கம். இன்ஜினுக்கென்று தனிக் காப்பு எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய காரைப் போட்டோ எடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நோட்டை எடுக்க வேண்டும். தேதி, கிலோமீட்டர், பார்த்தது, செய்தது, செலவு என்று ஐந்து கட்டம். ஒரு வாரத்துக்கு ஒரு வரி போதும்.

இரண்டு பேர், ஒரே கோளாறு

இந்த ஒரு வரியால் என்ன லாபம்? சர்வீஸ் நிலையங்களில் நடக்கக்கூடிய ஒரு காட்சியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் மளிகைக் கடைக்காரர். மற்றவர் பள்ளிக்கூட ஆசிரியர். இருவரிடமும் ஒரே வகைக் கார். இரண்டுக்கும் மூன்று வருஷ உத்தரவாதம் இன்னும் தீரவில்லை. இரண்டிலும் கூலன்ட் மெல்ல மெல்லக் குறைகிறது.

கடைக்காரர் வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது, "சூடு கொஞ்சம் ஏறுகிறாற்போல் இருக்கிறது, பாருங்கள்" என்று வாயால் சொன்னார். மாலையில் வண்டி வந்தது. "ஒன்றுமில்லை ஸார், தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. ஊற்றியாயிற்று" என்றார்கள். ரசீதில் 'பொது சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. இரண்டாம் முறையும் அதே கதை. ஒரு நாள் குடும்பத்தோடு பழனிக்குப் போகும் வழியில் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "இன்னும் பத்து மைல்தானே!" என்று ஓட்டினார். வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றது.

"ஹெட் காஸ்கெட் போய்விட்டது. சூடேறிய பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள். இது உத்தரவாதத்தில் வராது ஸார்" என்றது சர்வீஸ் நிலையம்.

கடைக்காரருக்கு வந்ததே கோபம்! "எங்கே உங்கள் மானேஜர்? இரண்டு தடவை சொன்னேனே! பேப்பரில் போட்டுவிடுவேன், தெரியுமா?" என்று சத்தம் போட்டார். நாலு பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். அரை மணியில் தொண்டை வறண்டது. சொன்னதற்குச் சாட்சி ஏது? ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பெரிய தொகையைக் கட்டிவிட்டு வீடு திரும்பினார்.

ஆசிரியர் வழி வேறு. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அவர் நோட்டில் 'கூலன்ட் ஒரு விரற்கடை குறைவு' என்று பதிவாயிற்று. நான்காம் வாரம் சர்வீஸ் நிலையத்துக்குப் போனார். ஜாப் கார்டு எழுதியவரிடம், "பொது சர்வீஸ் என்று மட்டும் எழுதாதீர்கள், தம்பி. 'கூலன்ட் குறைகிறது; காரணம் கண்டுபிடிக்கவும்' என்று எழுதுங்கள்" என்றார். எழுதினார்கள். அவருக்கும் முதல் முறை தண்ணீர்தான் ஊற்றிக் கொடுத்தார்கள்! அவர் சத்தம் போடவில்லை. மறுபடி மூன்று வாரம் குறித்தார். பிறகு நோட்டையும் ஜாப் கார்டையும் மானேஜர் மேஜைமேல் வைத்தார்.

"இதோ ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். இதோ நீங்கள் ஊற்றிய தேதி. இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீர் எங்கோ போகிறது. எங்கே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

மானேஜர் பக்கங்களைப் புரட்டினார். ஆளைக் கூப்பிட்டு, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கச் சொன்னார். தண்ணீர்ப் பம்பின் ஓரத்தில் சொட்டு அரும்பியது. பம்பு உத்தரவாதத்தில் மாற்றப்பட்டது. ஆசிரியருக்குச் செலவு இல்லை, அலைச்சலோடு சரி.

கோளாறு ஒன்றுதான். ஒருவருக்கு இன்ஜினே போயிற்று. மற்றவருக்குப் பம்போடு நின்றது.

என்ன நோய் என்று சொல்லாதீர்கள்!

சர்வீஸ் நிலையத்தில் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. டாக்டரிடம் போய், "எனக்கு இன்ன வியாதி, இன்ன மருந்து கொடுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. காரிலோ எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். "கிளட்ச் போய்விட்டது, மாற்றுங்கள்" என்கிறார்கள். கிளட்சை மாற்றுகிறார்கள், பில் வருகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. கேட்டால், "நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம்!" என்பார்கள்.

"ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இன்ஜின் இரைகிறது, வேகம் கூடவில்லை" என்று சொல்ல வேண்டும். எப்போது, எந்த வேகத்தில், சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. சத்தம் ஓடும்போது மட்டும் வருகிறதென்றால், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மைல் ஓட்டிக் காட்டுவது நல்லது. கையிலுள்ள டெலிபோனிலேயே சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

வேலை தொடங்குமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: உத்தேசச் செலவு எவ்வளவு, அதற்கு மேல் போனால் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்பது, பணம் கொடுத்து மாற்றும் பாகமானால் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்பது. வண்டியை எடுக்கும்போது 'திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் போடக் கூடாது. குறை தீரவில்லையென்றால், கையெழுத்துக்கு மேலேயே 'இன்ன குறை தீரவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வரும் நூறு கடிதங்களைவிட மதிப்பு அதிகம்.

தெருமுனைப் பட்டறைக்காரரிடம் வேலை வாங்குகிறவர்களும் ரசீது வாங்கி வைப்பது அவசியம். கெட்டிக்காரத் தொழிலாளிகள் அங்கும் உண்டு. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார்க் கம்பெனிகள்மீது 2,544 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. உத்தரவாதக் காலத்தில் மட்டும், எந்த வேலையை எங்கே செய்யலாம் என்பதைக் கார்ப் புத்தகத்தில் படித்துவிட்டு வெளியில் கொடுப்பது நல்லது.

உடைந்த சக்கரம் சொன்ன தீர்ப்பு

குறை தீரவில்லை. டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கை காட்டுகிறார். கம்பெனியைக் கேட்டால், "எங்களிடமா வாங்கினீர்கள்? டீலரைப் பாருங்கள்" என்கிறது. இந்தப் பந்தாட்டம் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் மக்பெர்சன் என்ற கல்தச்சர் ப்யூக் கார் ஒன்றை டீலரிடம் வாங்கினார். அந்நாளில் காருக்கு மரச் சக்கரம். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரக்கால்கள் நொறுங்கின. மனிதர் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார். வழக்குப் போட்டார். கம்பெனி சொன்ன பதில் என்ன? "சக்கரத்தைச் செய்தவர் வேறொருவர். காரை விற்றவர் டீலர். இவருக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது!"

1916-ல் நீதிபதி கார்டோசோ தீர்ப்பு எழுதினார். காரை உருவாக்கிச் சந்தையில் விடுகிறவர், அதில் பூட்டும் சக்கரம் நல்லதா என்று சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். டீலர் காரை வைத்து அழகு பார்க்க வாங்கவில்லை, வேறொருவர் ஏறி ஓட்டத்தான் போகிறார் என்பது கம்பெனிக்குத் தெரியும். எனவே கம்பெனி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொருளைச் செய்தவனே பொறுப்பாளி என்ற கொள்கை உலகெங்கும் வேர் விட அந்த உடைந்த சக்கரம் ஒரு முக்கிய காரணம்.

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலாயிற்று. குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் செய்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் ஆகியோரின் பொறுப்பு என்ன என்பதற்கு அதில் தனி அத்தியாயமே இருக்கிறது.

படிப்படியாக

சட்டம் இருக்கிறதே என்று முதல் நாளே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் சர்வீஸ் நிலைய மானேஜருக்கு எழுத்தில் புகார். கோபச் சொற்கள் வேண்டாம். தேதி, கிலோமீட்டர், ஜாப் கார்டு எண், என்ன குறை, என்ன செய்து தர வேண்டும் என்ற ஐந்தும் போதும். இத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். அது பலிக்காவிட்டால் அதே கடிதம், நகல்களுடன், கார்க் கம்பெனிக்கு. அதற்கும் மசியவில்லையென்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்; அது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். பல தகராறுகள் அந்தப் படியிலேயே தீர்ந்துவிடுகின்றன.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கே நடக்கும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது; 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். கார் எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் உதவாது. ஆனால் சொந்த டாக்ஸியைத் தாமே ஓட்டி வயிறு வளர்ப்பவருக்கு விலக்கு உண்டு. அவரும் நுகர்வோரே.

ஒன்றை மறக்கக் கூடாது. 'இது தயாரிப்பிலேயே உள்ள கோளாறு' என்று சொன்னால் மட்டும் ஆணையம் ஒப்புக்கொள்ளாது. நிரூபிக்க வேண்டும். நிபுணர் அறிக்கை கேட்கலாம். ஒரே குறைக்கு எத்தனை முறை வண்டி பட்டறைக்குப் போயிற்று, ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்பதை ஜாப் கார்டுகள் வரிசையாகச் சொன்னால், அந்த நிபுணருக்கே வேலை சுலபமாகிறது. காலாகாலத்தில் சர்வீஸ் செய்தாரா, எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது நிறுத்தினாரா என்று எதிர்த் தரப்பு கட்டாயம் கேட்கும். தம் கடமையைச் செய்தவர் என்று காட்ட முடிந்தவருக்கே உரிமைக் குரல் எடுபடும்.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை

துடைப்பதில் தவறில்லை. வண்டி பளபளக்கட்டும். ஆனால் வாளியை எடுக்குமுன் பானெட்டைத் திறக்கட்டும். சோப்பு நுரை ஊதும் பேரன் கையில் எண்ணெய்க் கம்பியைத் துடைக்கும் துணியைக் கொடுக்கலாம். "தாத்தா, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது!" என்று அவன் கத்துவான். காற்று அளக்கும் முள் எங்கே நிற்கிறது என்று படிப்பான். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, கோணல் மாணலான எழுத்தில், தேதி போட்டு, 'எண்ணெய் சரி, தண்ணீர் சரி, பின்பக்க இடது டயர் காற்றுக் குறைவு' என்று நோட்டில் எழுதுவான்.

என்றைக்காவது ஒரு நாள் காரை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவர் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு அந்த நோட்டைப் புரட்டுவார். பேரம் அத்தோடு பாதி முடிந்துவிடும்.